போலிக்களமும் பொய்ப் பகைவனும்

எமது கல்லூரியின் யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியர் என்ற முறையில் யாம் இலக்கியச் சுவையைப் பற்றியோ இலக்கண அமைதியைப் பற்றியோ எழுதுவோம் என்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆயின், சென்ற தவணையில் உயர்தர வகுப்பு மாணவர்க்குப் புறத்திணையின் இயல்பை விளக்கிக்கொண்டிருந்த வேளையில், பின்வரிசையிலிருந்து எழுந்த ஒரு மாணவனின் வினா எம் எண்ணத்தை மாற்றிவிட்டது. "சேர், இப்போது வெளிநாட்டுப் படைகளில் பகைவனாக நின்று பயிற்சி கொடுப்பது செயற்கை நுண்ணறிவு என்று சொல்கிறார்களே, அந்தப் பகைவனை யார் எழுதுகிறார்கள்?" என்றான் அவன். வகுப்பு நகைத்தது. எமக்கு நகை வரவில்லை. அன்று அவனுக்கு விடை கூற இயலாது, பின்னர் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை ஈண்டுத் தொகுத்துரைக்கின்றோம்.

தமிழாசிரியனுக்கும் படைப்பயிற்சிக்கும் என்ன தொடர்பு எனப் பழைய மாணவர் சிலர் வினவுதல் கூடும். தொல்காப்பியர் போரை இலக்கணத்துள் வைத்து வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை என வகுத்தவர். பின்வந்தோர் வெட்சிக்குக் கரந்தையும், வஞ்சிக்குக் காஞ்சியும், உழிஞைக்கு நொச்சியும் எதிராக நிறுத்தினர். எதிர்நிற்பான் ஒருவன் இன்றிப் போர் என்பது இல்லையாதலின், அவனுக்கும் பூவும் பெயரும் கொடுத்தே நம்முன்னோர் இலக்கணஞ் செய்தனர். வள்ளுவரோ 'பகைத்திறந் தெரிதல்' என ஓரதிகாரமே வகுத்தார். ஆகவே, பகைவன் யார் என்ற அம் மாணவனின் வினா எமது பாடத்துக்குப் புறம்பானதன்று.

இனி, 'சிமியுலேஷன்' என வழங்குவதை யாம் 'போலிக்களம்' என்போம். மெய்யான களத்திற் செய்யவேண்டியதை, உயிர்ச்சேதமும் பொருட்சேதமும் இன்றி முன்னரே செய்து பழகும் இடம் அது. இஃது ஆசிரியர்க்குப் புதியதன்று. ஆசிரியர் கலாசாலையில் யாம் பயின்ற காலத்து, பாடசாலைக்குச் செல்லுமுன் பாவனை வகுப்பு நடாத்துதல் வழக்கம். உடன் பயில்வோர் ஆறாந் தரத்து மாணவராக நடித்து வாங்குகளில் அமர்வர். ஒருவர் ஆசிரியராக நின்று கற்பிப்பர். விரிவுரையாளர் பின்னிருந்து குறிப்பெழுதுவார். அவ்வகுப்பில் எவரும் காலையுணவின்றி வந்ததில்லை. தாய் கொழுந்து பறிக்கச் சென்றமையால் தம்பியைப் பார்த்துக்கொள்ள எவரும் லயத்தில் தங்கியதில்லை. இரவு பெய்த மழையிற் கூரை ஒழுகிப் புத்தகம் நனைந்தது என்று எவரும் அழுததில்லை. வினாவை முடிக்குமுன்னரே அனைவரும் கையுயர்த்தினர். முதல் நியமனம் பெற்றுத் தோட்டப் பாடசாலையொன்றிற் காலடி வைத்த முதல் வாரத்திலேயே, யாம் பழகியது மாணவரைக் கற்பிக்கும் கலையன்று, எம் நண்பரைக் கற்பிக்கும் கலையே என்பது புலனாயிற்று. எனினும் பாவனை வகுப்புப் பயனற்றது என யாம் கூறோம். கரும்பலகையில் எழுதும்போது வகுப்புக்கு முதுகு காட்டாமையும், குரலை ஏற்றி இறக்குதலும், நேரத்தைப் பகுத்தலும் அங்கே கற்றவையே. பழக்கத்துக்கு அது போதும். மனிதரை அறிவதற்குப் போதாது. போர்வீரனின் போலிக்களமும் இவ்வாறே ஆகும்.

சதுரங்கம் என்ற சொல்லே யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையுறுப்பைக் குறிப்பதாதலின், போரை மேசைமேல் வைத்து ஆடுதல் பாரத நாட்டார்க்குப் பழையதொரு வழக்கமே. ஆனால் அதனைப் படைப்பயிற்சியாக ஒழுங்குசெய்தோர் பிரசிய நாட்டார். 1812 ஆம் ஆண்டில் மூத்த றைஸ்விட்ஸ் என்பார் நிலத்தோற்றங் காட்டும் மேசையொன்றை அந்நாட்டு அரசனுக்குச் செய்து கொடுத்தார். அவர் மகனாகிய படையதிகாரி 1824 ஆம் ஆண்டில் அதற்கு விதிகள் எழுதி, மெய்யான நிலப்படத்தின்மேல் ஆடுமாறு அமைத்தார். ஒவ்வோர் ஆட்டமும் இரண்டு நிமிடப் போருக்கு ஒப்பாகும். இழப்பைக் கணிக்கக் கவறு உருட்டுவர். இதனுள் மிக நுட்பமானது நடுவர் என்ற பதவி. இரு பக்கத்தாரும் தம் கட்டளைகளை எழுதி நடுவரிடங் கொடுப்பர்; களத்தில் ஒருவன் கண்ணுக்கு எது தெரியுமோ அதனை மாத்திரமே நடுவர் அவனுக்குக் காட்டுவார். காணாததை ஊகித்தலே படைத்தலைவன் தொழில் என்பதை இவ்விளையாட்டுக் கற்பித்தது. விதிகள் பெருகப் பெருக ஆட்டம் மெதுவாயிற்று. எனவே 1876 இல் வெர்டி டு வெர்னுவா என்னும் தளபதி விதிப்புத்தகத்தைப் பெரும்பாலும் ஒதுக்கி, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்புக்கே ஆட்டத்தை விட்டுவிடலாம் என்றார். விதியா, நடுவரா என்ற அப்பழைய வழக்கு இன்று கணினியின் முன்னிலையில் மறுபடியும் எழுந்துள்ளது என்பதைப் பின்னர்க் காண்போம்.

இயந்திரப் போலிக்களத்தின் தொடக்கம் சற்று வேடிக்கையானது. 1929 ஆம் ஆண்டளவில் ஐக்கிய அமெரிக்காவில் எட்வின் லிங் என்பார், தம் தந்தையாரின் தொழிற்சாலையில் இசைப்பேழைகளுக்குச் செய்யப்பட்ட துருத்திகளைக் கொண்டு, விமானத்தின் முன்பகுதி போன்ற பெட்டியொன்றை ஆட்டியும் சாய்த்தும் ஓட்டியை ஏமாற்றக் கற்றுக்கொண்டார். ஆர்மோனியத்தின் துருத்தியை நாம் அறிவோம். அதன் உறவினதே அது. முதலிற் களியாட்டுச் சந்தைகளில் விளையாட்டுப் பொருளாகக் கிடந்த அப்பெட்டியை, 1934 இல் தபால் விமானங்களை ஓட்டிய படைவீரர் பலர் மோசமான வானிலையில் மாண்ட பின்னரே அந்நாட்டு இராணுவம் விலைகொடுத்து வாங்கிற்று. இரண்டாம் உலகப் போரில் நேசநாட்டு விமானிகள் இலட்சக்கணக்கானோர் அப்பெட்டிக்குள் அமர்ந்தே முகிலினூடு பறக்கக் கற்றனர். 1980 களில் அமெரிக்கர் தாங்கிகளின் போலிப்பெட்டிகளைக் கம்பிவழியால் ஒன்றோடொன்று இணைத்து ஒரே போலிக்களத்திற் போரிடச் செய்தனர்.

இவையாவும் உலோகத்தைப் போலச் செய்தவை. குண்டு எவ்வளவு தூரம் பாயும், இறக்கை எப்போது தளரும் என்பன கணக்கு; கணக்கைக் கணினி அறியும். மனிதனைப் போலச் செய்தல் அவற்றால் இயலவில்லை. கலிபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்திலுள்ள ஃபோர்ட் ஏர்வின் என்னும் பயிற்சித்தளத்தில், ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களின்போது ஊர்களையே போலியாகக் கட்டினர். கடைவீதியும் பள்ளிவாசலும் அமைத்து, அந்நாடுகளின் மொழி பேசும் குடியேறியோரைக் கூலிக்கு அமர்த்தி, ஊர்த்தலைவராகவும் கடைக்காரராகவும் மகனை இழந்த தாயாகவும் நடிக்கச் செய்தனர். பெருஞ்செலவு அது. ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஒவ்வொரு நாளும் அவ்வாறு நடிகரைத் திரட்டல் எந்நாட்டுக்கும் ஆகாது.

இந்த இடைவெளியிலேதான் இன்றைய ஆக்கமுறைச் செயற்கை நுண்ணறிவு புகுகின்றது. 2017 ஆம் ஆண்டில் கூகிள் ஆராய்ச்சியாளர் வெளியிட்ட ஓர் அமைப்பு முறையை அடியாகக் கொண்டு பெரிய மொழி மாதிரிகள் எழுந்தன. 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்தபின் அவை வீட்டுக்கு வீடு புகுந்தன. அவற்றின் இயல்பை ஆசிரியர் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். கீறிட்ட இடம் நிரப்புக என நாம் பிள்ளைகட்குக் கொடுக்கும் பயிற்சியையே அவை கோடானுகோடி வாக்கியங்களில் செய்து பழகியவை. இதுவரை வந்த சொற்களுக்கு அடுத்து வரத்தக்க சொல் எது என்பதைக் கணித்துக் கணித்தே அவை பேசுகின்றன. 'நீ ஓர் ஊர்த்தலைவன். உன் ஊர்க் கிணற்றைப் படையினர் அடைத்துவிட்டனர். இப்போது அவர்களின் அதிகாரி உன்னிடம் வருகிறான்' என எழுதிக் கொடுத்தால், அவ்வூர்த்தலைவனாக நின்று அவை விடையளிக்கும். அதிகாரி பணிந்து பேசினால் ஒருவகையாகவும், அதட்டினால் பிறிதொரு வகையாகவும் கதை செல்லும். ஒரே பயிற்சியை நூறு முறை நடாத்தினும் நூறு முறையும் வேறுவேறாக அமைக்க முடியும்.

கற்போனுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளல் என்பது இதன் அடுத்த படி. ஓர் இளம் அதிகாரி பயிற்சியின்போது எவ்வளவு நேரம் தயங்கினான், எந்த வினாவைக் கேட்க மறந்தான், எச்செய்தியைச் சோதியாது நம்பினான் என்பவற்றை இயந்திரம் குறித்துக்கொள்ளும். வரைபடம் பார்த்தலில் வல்லவனாய் மக்களோடு பேசுதலில் மெலியனாயின், அடுத்த பயிற்சியில் வரைபடச் சிக்கலைக் குறைத்துப் பேச்சுச் சிக்கலைக் கூட்டும். இறுதியில் நடந்தவற்றைத் தொகுத்து மீளாய்வுக் குறிப்பும் வரைந்து கொடுக்கும். நல்லாசிரியன் நாற்பது மாணவருள் ஒவ்வொருவனுக்கும் செய்ய விரும்பி, நேரமின்மையாற் செய்யாது விடுவதும் இதுவே. பொறாமையின்றிக் கூறுகின்றோம்: இவ்வகையில் இயந்திரம் எம்மினும் பொறுமையுடையது.

இது வெறுங் கற்பனையன்று. 2023 ஆம் ஆண்டில் அமெரிக்க மரைன் படையின் பல்கலைக்கழகத்தில் திட்டமிடற் பயிற்சியில் மொழி மாதிரியொன்றைப் பரீட்சித்துப் பார்த்தனர். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் அந்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களம் ஆக்கமுறை நுண்ணறிவை ஆராயத் தனிக்குழு ஒன்றையும் நிறுவிற்று. பாரத நாட்டிலே, சிம்லாவிலிருந்து இயங்கும் தரைப்படைப் பயிற்சித் தலைமையகமும் குஜராத்திலுள்ள இராஷ்டிரிய ரக்ஷா பல்கலைக்கழகமும் 2022 மே மாதத்தில் ஓர் உடன்படிக்கை செய்து, செயற்கை நுண்ணறிவின் துணையோடு போர்விளையாட்டுக்களை ஆக்கும் ஆராய்ச்சி நிலையமொன்றைப் புதுதில்லியில் அமைக்க முன்வந்தன.

பாரத நாட்டைக் கூறும்போது எம் மலையகத்தார்க்கு நினைவு வருவது நீலகிரி. 1964 ஒக்ரோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபின், ராகலை, உடப்புசல்லாவைத் தோட்டங்களிலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் கப்பலேறின; அவற்றுட் பல நீலகிரியின் அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களிற் குடியேறின. அவ்வுறவினரைக் காணக் குன்னூருக்குச் சென்ற எவரும் வெலிங்டன் என்னும் இடத்தைக் கடந்திருப்பர். பாரத முப்படையின் நடுத்தர அதிகாரிகள் பயிலும் பாதுகாப்புச் சேவைகள் கல்லூரி அங்கேதான் உள்ளது. இலங்கை அதிகாரிகளும் அங்கே சென்று பயில்வதுண்டு. இப்பக்கத்திலோ, வெலிமடை வழியாகச் சென்றால் தியத்தலாவை. 1900 இல் போயர் போர்க்கைதிகளை அடைத்த அவ்வூர் இன்று நம் நாட்டு இராணுவக் கல்விக்கழகத்தின் இருப்பிடம். தேயிலை விளையும் குளிர்மலைகளே படையதிகாரியின் பள்ளிக்கூடங்களாகவும் அமைந்தன. ஆதலின் இப்பொருள் எமக்குத் தொலைவானதன்று.

நிற்க. போலிக்களத்தின் உயிர்நாடி, தோற்கடிக்க வல்ல பகைவனும் முகம் பாராத நடுவரும் ஆவர். இவ்விரண்டும் கெட்டால் என்னாகும் என்பதற்கு நம் நாட்டவர் நன்கு உணரத்தக்க சான்றொன்று உண்டு. 1942 ஏப்பிரல் 5 ஆந் திகதி கொழும்பையும் 9 ஆந் திகதி திருகோணமலையையும் தாக்கிய யப்பானியக் கடற்படையில் அகாகி, சோரியு, ஹிரியு என்னும் விமானந்தாங்கிக் கப்பல்கள் இருந்தன. அவ்வெற்றிக் களிப்போடு நாடு திரும்பிய கடற்படையினர், அடுத்ததாக மிட்வே தீவைத் தாக்கத் திட்டமிட்டு, யமாட்டோ என்னும் பெருங்கப்பலில் போர்விளையாட்டு நடாத்தினர். கவறு உருட்டியபோது எதிரியின் குண்டுகளால் அகாகியும் காகாவும் மூழ்கின. நடுவராயிருந்த உகாகி என்னும் தளபதி, தாக்கிய குண்டுகளின் தொகையைக் குறைத்து எழுதுமாறு பணித்தார். மூழ்கிய காகாவும் பின்னர் ஆட்டத்தில் உயிர்த்தெழுந்தது என அக்கடற்படையைச் சேர்ந்தோரே பின்னாளில் எழுதியுள்ளனர். யூன் மாதத்தில் மிட்வேயில் அகாகி, காகா, சோரியு, ஹிரியு நான்கும் மெய்யாகவே மூழ்கின. அங்கே அவற்றை எழுப்ப நடுவர் இல்லை.

யப்பானியரை மாத்திரம் குறைகூறல் தகாது. 2002 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கா ஏறத்தாழ 13,500 பேரை ஈடுபடுத்தி, 25 கோடி டொலர் செலவிற் பெரும் போர்ப் பயிற்சியொன்றை நடாத்திற்று. பகைவர் பக்கத்தை ஏற்றவர் ஓய்வுபெற்ற மரைன் தளபதி போல் வான் ரைப்பர். தம் செய்திகளை வானொலியில் அனுப்பினால் ஒற்றுக்கேட்பர் என அறிந்த அவர், மோட்டார்ச் சைக்கிளில் தூதுவரை அனுப்பினார். சிறு படகுகளாலும் ஏவுகணைகளாலும் ஒரே வீச்சில் பதினாறு போர்க்கப்பல்களைப் போலிக்களத்தில் மூழ்கடித்தார். பயிற்சியை நடாத்தியோர் அக்கப்பல்களை மீண்டும் மிதக்கவிட்டு, பகைவர் இன்னின்னது செய்யலாகாது என வரம்பு கட்டினர். வான் ரைப்பர் தம் பொறுப்பை விட்டு விலகினார். வானொலியை எதிரி கேட்பான் என்பதை மறந்ததன் விலையை நம் நாடும் கண்டுள்ளது. 1987 ஒக்ரோபர் 11 ஆந் திகதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகொப்டர் மூலம் இறக்கப்பட்ட இந்தியப் படையினரின் திட்டத்தை எதிர்த்தரப்பார் ஒற்றுக்கேட்டு முன்னரே அறிந்து காத்திருந்தனர். சீக்கியக் காலாட்படையினர் முப்பதின்மருள் மீண்டவர் ஒருவரே; அவரும் சிறைப்பட்டார். அம்முப்பதின்மரும் எவருடைய பிள்ளைகளோ?

இனி, மொழி மாதிரியைப் பகைவனாகவும் நடுவனாகவும் இருத்தினால் இக்குறை நீங்குமா? நீங்காது, மிகுதலுங் கூடும். அதன் பிறவிக்குணங்களுள் ஒன்று, எதிரிருப்பவரை மகிழ்விக்க விரும்புதல். மக்கள் மெச்சிய விடைகளைக் கொண்டே அதனைச் செப்பனிடுகின்றனராதலின், மெச்சப்படுதலையே அது கற்றுக்கொள்கின்றது. 2025 ஏப்பிரலில் ஓப்பன்ஏஐ நிறுவனம், தான் வெளியிட்ட புதிய வடிவம் அளவு கடந்து முகத்துதி செய்கின்றது எனக் கண்டு சில நாட்களிலேயே அதனை மீளப்பெற்றதை உலகறியும். இடித்துரைப்பாரைத் துணைக்கொள்ளாத மன்னன் கெடுவான் என்பதைப் பெரியாரைத் துணைக்கோடல் என்ற அதிகாரத்திற் கற்பிக்கும் எமக்கு இச்செய்தி புதுமையாகத் தோன்றவில்லை. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தார் 2024 இல், ஒரே போர்விளையாட்டை மனித வல்லுநர் குழுக்களுக்கும் மொழி மாதிரிகளுக்கும் கொடுத்து ஒப்பிட்டனர். மனிதர் தம்முள் வாதாடினர். மாதிரிகள் ஆக்கிய பேச்சிலோ நகைப்புக்கிடமான ஒற்றுமை நிலவிற்று. ஆட்டக்காரரைப் போரே வேண்டாதவர் என்றும் ஈரமற்றவர் என்றும் வேறுவேறாகச் சித்திரித்துக் கொடுத்தபோதும், அவ்வேறுபாடு மாதிரிகளின் முடிவுகளிற் போதிய அளவு தோன்றவில்லை.

மற்றொரு குணம் இதற்கு முரணானது போலத் தோன்றும். அவ்வாண்டு சனவரியில் வெளியான பிறிதோர் ஆய்வில் ஐந்து மொழி மாதிரிகளைக் கற்பனை நாடுகளின் தலைவராக இருத்தி விளையாடச் செய்தனர். ஐந்தும் பிணக்கை வளர்க்கும் போக்கையே காட்டின, படைக்கலம் பெருக்கின, அரிதாகச் சில ஆட்டங்களில் அணுவாயுதத்தையும் எடுத்தன. ஏன் அவ்வாறு செய்தன என்பது முன்கூட்டி அறியத்தக்கதாயும் இல்லை. யாம் எண்ணுவது இது: சமாதானம் நிலவிய நாட்களைப் பற்றி எவரும் மிகுதியாக எழுதுவதில்லை, போர் மூண்ட நாட்களைப் பற்றியே நூலகங்கள் நிறைந்துள்ளன. எழுதப்பட்டதையே உண்டு வளர்ந்த இயந்திரம் எழுதப்பட்டதன் வழியே செல்லும். ஆய்வாளர்களும் இதற்கணித்தான ஐயத்தைத் தெரிவித்துள்ளனர்.

எழுதப்படாததன் கதி என்ன? இவ்விடத்திலேதான் அம் மாணவனின் வினா எம் ஊருக்குள் வந்து நிற்கின்றது. இம்மாதிரிகள் உண்ணும் இணைய எழுத்தில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் ஆங்கிலம். தமிழோ நூற்றில் ஒன்றின் மிகச் சிறிய கூறு. அச்சிறு கூற்றினுள் மலையகத் தோட்டத்தார் பேச்சுக்கு எத்துணை இடம் இருக்கும்? யாம் ஒரு சோதனை செய்து பார்த்தோம். அம்மாணவனின் கைத்தொலைபேசியில் அத்தகைய மாதிரியொன்றைத் திறந்து, ராகலைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் கொழுந்து பறிக்கும் ஐம்பது வயதுப் பெண்ணாக நடிக்குமாறும், சோதனைச் சாவடியில் நிற்கும் சிப்பாய் வினாவுவதாகவும் எழுதிக் கொடுத்தோம். அவ்வம்மையார் நாவலாசிரியரைப் போலப் பேசினார். தாம் 'தேயிலை இலைகளைச் சேகரிப்பதாக'க் கூறினார். பெயர், ஊர், பிள்ளைகளின் தொகை, செல்லுமிடம், செல்லும் காரணம் அனைத்தையும் வரிசைப்படி எடுத்துரைத்து, ஒத்துழைக்கத் தாம் மகிழ்வதாகவும் தெரிவித்தார். வகுப்பு மறுபடியும் நகைத்தது. "எங்க அம்மாயி இப்படிப் பேசினா நாங்களே பயந்திடுவோம் சேர்" என்றாள் ஒரு மாணவி.

அவள் பாட்டி என்ன செய்வார்? "மாத்தயா" என்பார், தலை குனிவார், முந்தானையைப் பற்றிக்கொள்வார், மற்றெதுவும் பேசார். நெடுங்காலம் துரைக்கும் கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் முன்னால் நின்று பழகிய மௌனம் அது. அது குற்றத்தின் அடையாளமன்று. ஆனால் வினாவுக்கு விடை வருமென்றே போலிக்களத்திற் பழகிய சிப்பாய்க்கு அம்மௌனம் எவ்வாறு தோன்றும்?

இதனை யாம் ஊகித்துக் கூறவில்லை. 2000 ஆம் ஆண்டில், எமக்கு இருபது வயதளவில், நேர்முகப் பரீட்சை ஒன்றுக்காகப் பஸ்ஸிற் சென்றபோது வழியில் ஒரு சோதனைச் சாவடியில் எம்மை இறக்கினர். சிங்களத்தில் விரைந்து கேட்ட வினாக்கள் அச்சத்தில் எமக்கு விளங்கவில்லை. யாம் வாய் திறவாது நின்றோம். வாய் திறவாமையே ஐயத்தை வளர்த்தது. பஸ் சென்றுவிட்டது. வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். எம்மைக் காத்து நின்ற சிப்பாயின் வயதும் எம் வயதே இருக்கும். துப்பாக்கியைப் பற்றியிருந்த அவன் விரல்களில் நடுக்கம் இருந்ததை இன்றும் மறந்திலோம். பின்னர் அவ்வழி வந்த மூத்தவர் ஒருவர் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, உடைந்த தமிழில் "எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். அவ்வொரு சொல்லில் எம் வாய் திறந்தது. தோட்டத்தின் பெயரைச் சொன்னோம். அங்குள்ள கோயிலையும் தொழிற்சாலையையும் தாம் அறிவதாகக் கூறி எம்மைப் போகவிட்டார். பரீட்சை முடிந்திருந்தது.

அந்த மூத்தவர் கற்றதை அந்த இளையவனுக்குக் கற்பிக்கப் போலிக்களத்தால் முடியுமாயின், யாம் அதனை எதிர்ப்பதற்கு முகாந்தரமில்லை. போர்க்கருவி எதுவாயினும் தீது எனத் தள்ளும் நண்பரோடு யாம் இவ்விடத்தில் மாறுபடுகின்றோம். பழகாத சிப்பாயைக் காட்டிலும் பழகிய சிப்பாய் குறைவாகவே சுடுவான் என்பது எம் எண்ணம். ஆனால், ஒத்துழைக்க மகிழும் அம்மையாரோடு நூறு முறை பேசிப் பழகியவன், ஒருமுறையும் பழகாதவனினும் அபாயமானவன். பழகாதவனுக்குத் தான் அறியான் என்பதாவது தெரியும். பழகியவனோ அறிந்தேன் என்று வருவான். கடந்தகால வினாத்தாள்களை மாத்திரம் மனனஞ் செய்து வரும் மாணவரிடம் இத்துணிவை யாம் ஆண்டுதோறுங் காண்கின்றோம். அவர்கள் பாடத்தைக் கற்றவரல்லர், பரீட்சகரைக் கற்றவர். இயந்திரம் கற்போனுக்கேற்ப மாறுகிறது என்பர். கற்போனும் இயந்திரத்துக்கேற்ப மாறுகிறான் என்பதை மறந்துவிடுவர்.

ஆதலின், வெர்டி தளபதி கேட்ட அனுபவமுள்ள நடுவரின் இடம் ஒழியவில்லை. இயந்திரம் கதையை விரிக்கட்டும். தீர்ப்பு மனிதனுடையதாயிருக்க வேண்டும். அம்மனிதனும் மூழ்கிய கப்பலை எழுப்பச் சொல்லும் மேலதிகாரிக்கு அஞ்சாதவனாயிருத்தல் வேண்டும். ஊராராக நடிக்கும் பாத்திரத்தை அவ்வூரார் ஒருவரேனும் வாசித்துத் திருத்தாமற் களத்தில் ஏற்றலாகாது. இது மிகை வேண்டுகோளன்று. பாலைவனத்திற் கடைவீதி கட்டியவர்களும் மொழியறிந்தவரைக் கூலிக்கு வைக்க வேண்டுமென உணர்ந்தே செய்தனர்.

கொழும்பிலும் கடல் கடந்தும் கணினித்துறையிற் பணிபுரியும் எம் பழைய மாணவர் பலர் இம்மலரைப் படிப்பர். மாதிரிகளை ஆக்குவோரும் திருத்துவோரும் அவருள் இருக்கக்கூடும். அவர்க்காக ஒரு செய்தி கூறி அமைகின்றோம். சோதனைக்குப்பின் உயர்தர வகுப்பு மாணவர் தத்தம் பாட்டன் பாட்டிமாரிடம் சென்று, அவர் பேச்சை அவர் இசைவோடு எழுதத் தொடங்கியுள்ளனர். கொழுந்து, கொந்தரப்பு, பெரட்டு எனத் தொடங்கி, யாரிடம் எதனைப் பேசுவர், யார்முன் வாய் திறவார் என்பது வரை எழுதுகின்றனர். பெரட்டு என்பது காலையில் தோட்டத்தாரை வரிசையில் நிறுத்தி வேலைக்கு அனுப்பும் கூட்டம். படையினரின் 'பரேட்' என்ற சொல்லே அவ்வாறு மருவிற்று என்பர். தொலைபேசியிலுள்ள மாதிரியிடம் அச்சொல்லின் பொருளைக் கேட்டபோது, அடுப்பில் தோசையைத் திருப்பிப்போடுதல் என்றது. இதுவரை நான்கு அப்பியாசக் கொப்பிகள் நிறைந்துள்ளன. அவை கல்லூரி நூலகத்தில், அகராதிகள் இருக்கும் அலுமாரியின் கீழ்த்தட்டில் உள்ளன. வருவோர் பார்க்கலாம், தாம் அறிந்த சொல் விடுபட்டிருப்பின் எழுதிச் சேர்க்கலாம்.